உங்கள் பெயரில் இன்னொருவர் கடன் வாங்காமல் இருக்க, ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை

பைக் லோன் கேட்டுப் போன இடத்தில்தான் எனக்கே விஷயம் தெரிந்தது. "சார், உங்க சிபில்ல ஒரு கடன் கட்டாம நிக்குதே" என்று, என் கடன் கணக்குகளைக் காட்டும் சிபில் அறிக்கை இருந்த திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினார் அங்கிருந்த ஊழியர். ஏதோ ஒரு செயலி வழியாக வாங்கிய 4,800 ரூபாய். பெயர், பான் எண், பிறந்த தேதி எல்லாம் என்னுடையவை. கைபேசி எண் மட்டும் யாருடையதோ. அந்தக் கடனை என் பெயரிலிருந்து நீக்க மூன்று மாதம் அலைந்தேன்.

ஆதார், பான் நகலை எங்கெல்லாம் கொடுத்திருக்கிறேன் என்று அன்று ராத்திரி எழுதிப் பார்த்தேன். சிம் கடை, இரண்டு லாட்ஜ், வாடகை ஒப்பந்தம், கேஸ் இணைப்பு, பழைய அலுவலகம், தெருமுனை ஜெராக்ஸ் கடை, இன்னும் சில என்று பதினோரு இடம் வந்தது. எங்கிருந்து கசிந்தது என்று இன்றுவரை தெரியாது. வெளியே போன நகலைத் திரும்ப வாங்கவும் வழியில்லை. நம் கையில் இருப்பது இரண்டு வேலைகள்தான். அந்த நகல் பயன்படாதபடி பூட்டலாம், நம் பெயரில் என்ன நடக்கிறது என்று அவ்வப்போது போய்ப் பார்க்கலாம்.

ஆதாரோடு இணைத்த கைபேசி, பான் கார்டு, குறித்துக்கொள்ள ஒரு நோட்டு, இவை மூன்றும் போதும். ஆதாரில் பழைய எண் இருந்தால் முதலில் ஆதார் மையத்துக்குப் போய் எண்ணை மாற்றிவிட்டு வாருங்கள். ஓடிபி வராமல் எதுவும் நகராது. இன்னொன்று, அரசுத் தளங்களின் முகவரி 'கவ் டாட் இன்' (gov.in) என்று முடியும். தேடலில் மேலே வரும் விளம்பரத்தைத் தட்டி உள்ளே போகாதீர்கள்.

படி 1: உங்கள் பெயரில் எத்தனை சிம்?

தொலைத்தொடர்புத் துறையின் 'சஞ்சார் சாத்தி' தளத்துக்குப் போங்கள். கைபேசி எண்ணையும் ஓடிபியையும் கொடுத்தால் உங்கள் பெயரில் ஓடும் எண்கள் வரிசையாக வரும். தமிழ்நாட்டில் ஒருவர் பெயரில் 9 இணைப்பு வரை இருக்கலாம். தெரியாத எண் இருந்தால் 'இது என் எண் அல்ல' என்பதைத் தேர்ந்தெடுத்துப் புகார் அனுப்புங்கள். அதற்கு முன், அப்பாவுக்கோ தங்கைக்கோ உங்கள் பெயரில் வாங்கித் தந்த சிம்மா என்று ஒருமுறை வீட்டில் கேட்டுவிடுங்கள். அவசரத்தில் அதை முடக்கிவிட்டால் திரும்ப வாங்க அலைய வேண்டும்.

படி 2: கைரேகையைப் பூட்டுங்கள்

ஆதார் எண், வங்கியின் பெயர், கைரேகை இந்த மூன்றும் இருந்தால் கிராமத்து வங்கி முகவரிடம் ஓடிபி இல்லாமலேயே பணம் எடுக்கலாம். வங்கிக் கிளை பக்கத்தில் இல்லாதவர்களுக்கு நல்ல வசதிதான். ஆனால் ஆவணங்களில் பதிந்த கைரேகையைப் பிரதி எடுத்து, இதே வழியில் கணக்கிலிருந்து பணத்தை உருவியிருக்கிறார்கள். ஆதார் ஆணையத்தின் மைஆதார் தளத்தில் நுழைந்தால் 'பயோமெட்ரிக் பூட்டு' இருக்கும். பூட்டினால் கைரேகை, கருவிழி, முகம் மூன்றும் சரிபார்ப்புக்குச் செல்லாது. ஓடிபி வழக்கம்போல் வேலை செய்யும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. ரேஷன் கடையில் கைரேகை வைக்கும்போது கருவி ஏற்காது. என் அம்மா வரிசையில் அரை மணி நேரம் நின்று, கருவி மூன்று முறை மறுத்து, பையோடு திரும்பி வந்தார். பூட்டியதை அவரிடம் சொல்லாமல் விட்டது என் தவறு. கடைக்குக் கிளம்பும்போது தற்காலிகமாகத் திறந்துகொள்ளும் வசதி அதே இடத்தில் இருக்கிறது. பென்ஷன் வாங்குபவர்கள் உயிர்வாழ் சான்றுக்குக் கைரேகை வைக்கும் நாளிலும் இப்படித் திறக்க வேண்டும்.

படி 3: இனிமேல் முழு ஆதாரைக் கொடுக்காதீர்கள்

அதே மைஆதார் தளத்தில் பதிவிறக்கும்போது 'மாஸ்க்டு ஆதார்' என்ற கட்டத்தை டிக் செய்யுங்கள். முதல் 8 இலக்கங்கள் மறைந்து கடைசி 4 மட்டும் தெரியும். அடையாளத்தைக் காட்ட மட்டும் கேட்கும் இடங்களில் இதையே நீட்டுங்கள். பிடிஎஃப் கோப்பின் கடவுச்சொல், உங்கள் பெயரின் முதல் நான்கு ஆங்கில எழுத்துகளும் பிறந்த வருடமும். இதை ஊரில் எல்லோரும் ஊகித்துவிடலாம் என்பதால், கடவுச்சொல் இருக்கிறதே என்று நம்பிக் கோப்பைக் கண்ட இடத்தில் விடாதீர்கள்.

ஜெராக்ஸ் கடையில் கொஞ்சம் நின்று கவனியுங்கள். நீங்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பிய கோப்பு அந்தக் கணினியின் டவுன்லோடு அடைவில் விழுகிறது. நேற்று வந்தவரின் பான், முந்தாநாள் வந்தவரின் பாஸ்புக் எல்லாம் அங்கேதான் கிடக்கின்றன. அச்சு வந்ததும், "அண்ணே, என் ஃபைலை அழிச்சிடுங்க, ரீசைக்கிள் பின்லயும்" என்று கேளுங்கள். யாரும் கோபித்துக்கொள்வதில்லை. பிறகு நகலின் குறுக்கே, எழுத்து படத்தின் மேலும் எண்ணின் மேலும் படும்படி, 'வீட்டு வாடகை ஒப்பந்தத்துக்கு மட்டும்' என்று காரணத்தையும் தேதியையும் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். ஓரத்தில் எழுதினால் அதை மறைத்து மறுநகல் எடுக்க ஒரு துண்டுக் காகிதம் போதும்.

படி 4: கடன் அறிக்கையைப் படியுங்கள்

நான் மிக முக்கியமாக நினைப்பது இந்தப் படியைத்தான். சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹைமார்க் என்று நான்கு நிறுவனங்கள் நம் கடன் கணக்கை வைத்திருக்கின்றன. ஒவ்வொன்றும் வருடத்துக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. நான்கையும் ஒரே நாளில் எடுக்காமல் மூன்று மாதத்துக்கு ஒன்றாக எடுங்கள். காசு செலவில்லாமல் வருடம் முழுக்கக் கண்காணித்த மாதிரி ஆகும். தளத்தில் கட்டணத் திட்டங்கள்தான் பளிச்சென்று தெரியும், இலவச அறிக்கையைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். நம் அறிக்கையை நாமே பார்ப்பதால் கடன் மதிப்பெண் (கடனை ஒழுங்காகக் கட்டுகிறோமா என்று காட்டும் எண்) குறையாது.

பெரும்பாலானவர்கள் மதிப்பெண்ணைப் பார்த்ததும் மூடிவிடுகிறார்கள். கீழே போங்கள். முதலில் 'கணக்குகள்' பகுதி. நீங்கள் வாங்காத கடனோ கார்டோ இருக்கிறதா? அப்புறம் 'விசாரணைகள்' பகுதி. நீங்கள் விண்ணப்பிக்காத இடத்தின் பெயர் இருந்தால், உங்கள் பான் எண்ணை வைத்து யாரோ கடன் கேட்டுப் பார்த்திருக்கிறார்கள் என்று கொள்ளுங்கள். கடைசியாக முகவரி, கைபேசி எண்கள். என் அறிக்கையில் அந்த அந்நிய எண் இங்கேதான் இருந்தது.

தவறு இருந்தால் அதே தளத்தில் மறுப்புப் பதிவு செய்து, கடன் கொடுத்த நிறுவனத்துக்கும் எழுதுங்கள். 30 நாளில் தீர்க்காவிட்டால் அதற்கு மேல் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்ற விதி 2024 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது.

படி 5: மிச்சமுள்ள சின்ன வேலைகள்

வருமான வரித் தளத்தில் 'ஏஐஎஸ்' என்ற ஆண்டுத் தகவல் அறிக்கையைத் திறந்து, நீங்கள் வாங்காத சம்பளமோ செய்யாத பரிவர்த்தனையோ உங்கள் பானில் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். வங்கிச் செயலியில் கார்டின் வெளிநாட்டுப் பயன்பாட்டை அணைத்துவிடுங்கள். கைபேசியில் காரணமில்லாமல் சிக்னல் போய் வெகுநேரம் வராவிட்டால், உங்கள் எண்ணுக்கு வேறு யாரோ சிம் எடுத்திருக்கலாம். வேறு போனிலிருந்து உடனே வங்கியையும் சிம் நிறுவனத்தையும் கூப்பிடுங்கள்.

ஏற்கெனவே நடந்துவிட்டதா?

கணக்கிலிருந்து பணம் போயிருந்தால் முதலில் சைபர் மோசடி உதவி எண்ணான 1930க்கு அழையுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவுவதற்குள் நிறுத்தப் பார்ப்பார்கள், அதனால் ஒவ்வொரு நிமிடமும் முக்கியம். அடுத்தது வங்கி, பிறகு தேசிய சைபர் குற்றத் தளத்தில் புகார். புகார் எண்களை நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

உங்கள் பெயரில் கடன் வந்திருந்தால், "சின்னத் தொகைதானே, கட்டி முடிச்சிடுங்க" என்பார்கள். எனக்கும் சொன்னார்கள். கட்டாதீர்கள். கட்டினால் கடன் உங்களுடையது என்று நீங்களே ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொள்வார்கள். டிஜிட்டல் கடன் தொகை, விதிவிலக்குகள் போக, வாங்குபவரின் சொந்த வங்கிக் கணக்குக்கே போக வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2022இல் விதி போட்டது. எனவே போனில் வாதாடாமல் கடன் கொடுத்த நிறுவனத்திடம் மின்னஞ்சலில் ஒரே கேள்வி கேளுங்கள்: பணம் எந்தக் கணக்குக்குப் போனது? நான் அதை நான்கு முறை எழுதிக் கேட்டேன். ஐந்தாவது முறை எழுதியபோது, அந்தக் கடன் கணக்கை நீக்கிவிட்டோம் என்ற கடிதம் வந்தது.