சர்க்கரைக்குப் பதிலாக எதைப் போட்டாலும் கவனிக்க வேண்டியவை

"சுகர் இருக்குண்ணா, நாட்டுச் சர்க்கரை போட்டுக் கொடுங்க." கடலூர் மஞ்சக்குப்பம் பக்கம் எந்த டீக்கடையில் நின்றாலும் இதைக் கேட்கலாம். முதல் தவறே இதுதான். நெல்லிக்குப்பத்துக் கரும்பு ஆலைக்குப் போனால் வெள்ளைச் சர்க்கரை. அதே கரும்பின் சாறு கொப்பரையில் காய்ந்தால் வெல்லம், நாட்டுச் சர்க்கரை. எல்லாவற்றிலும் பெரும்பங்கு சுக்ரோஸ் என்ற அதே சர்க்கரைதான். வெல்லத்தில் கொஞ்சம் இரும்புச்சத்து கூடுதல் என்பது உண்மை, ஆனால் ஒரு ஸ்பூனில் அது எம்மாத்திரம்? கருப்பட்டி, தேன் எல்லாமே ரத்தச் சர்க்கரையை ஏற்றும். சுகர் உள்ளவர்கள் இவற்றையும் சர்க்கரைக் கணக்கிலேயே வையுங்கள்.

அடுத்து, 'சுகர் ஃப்ரீ' ஸ்வீட். சர்க்கரை இல்லை, சரி. மைதாவும் கோவாவும் நெய்யும் அப்படியே இருக்கின்றனவே! சர்க்கரைக்குப் பதிலாக மால்டிடால் என்ற இனிப்பூட்டியைச் சேர்த்திருந்தால் அதிலும் கிராமுக்கு சுமார் 2 கலோரி உண்டு, சர்க்கரையில் பாதி. நிறையச் சாப்பிட்டால் வயிறு உப்பிப் பேதியாகும். பெட்டியின் முன்பக்கம் இருக்கும் பெரிய எழுத்தை விட்டுவிட்டு, பின்பக்கப் பொடி எழுத்தில் மொத்த கார்போஹைட்ரேட் எவ்வளவு என்று பாருங்கள்.

ஆஸ்பார்டேம் என்ற செயற்கை இனிப்பூட்டி மாத்திரையைக் கொதிக்கும் பாயசத்தில் போடாதீர்கள், சூட்டில் இனிப்பு போய்விடும். ஃபினைல்கீட்டோனூரியா என்ற பிறவிக் கோளாறு உள்ளவர்கள் அதைத் தொடவே கூடாது. ஆஸ்பார்டேமால் புற்றுநோய் வரலாம் என்று 2023-இல் கிளம்பிய செய்தியைப் பார்த்துப் பதற வேண்டாம்: சான்று குறைவு என்றுதான் ஆய்ந்த வல்லுநர்கள் சொன்னார்கள், உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 40 மில்லிகிராம் என்ற வரம்பும் மாறவில்லை. அதே ஆண்டு உலக சுகாதார நிறுவனம், எடை குறைக்க ஆஸ்பார்டேம் போன்ற இனிப்பூட்டிகளை நம்ப வேண்டாம் என்றது. ஏற்கெனவே சுகர் உள்ளவர்களுக்கு அந்தப் பரிந்துரை பொருந்தாது என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

எனக்கு மிகவும் கவலை தருவது வேறொன்று. இன்சுலின் போடுபவருக்குத் திடீரென வியர்த்துக் கை நடுங்கினால் லோ சுகராக, அதாவது ரத்தச் சர்க்கரை அளவுக்கு மீறிக் குறைந்ததாக இருக்கலாம். அந்த நேரத்தில் பழக்கதோஷத்தில் இனிப்பு மாத்திரை போட்ட டீயைக் கொடுத்துவிடுகிறார்கள். அது சுகரை ஏற்றவே ஏற்றாது. நிஜச் சர்க்கரை மூன்று ஸ்பூன், அல்லது 15 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். 15 நிமிடம் கழித்துச் சோதித்து, ஏறவில்லை என்றால் மறுபடி கொடுங்கள். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதுவும் ஊற்றாமல் உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.