குளிரில் செல்ஃப் எடுக்காத பழைய வண்டி: வோல்ட் எங்கே தொலைகிறது என்று கண்டுபிடிப்போம்

மூணாறில் ஜனவரி மாதத்துக் காலை. செண்டுவாரை, லட்சுமி எஸ்டேட் பக்கமெல்லாம் புல்மேல் உறைபனி வெள்ளையாகப் படிந்திருக்கும். லயத்து வாசலில் நிற்கும் வண்டியின் செல்ஃப் பட்டனை அழுத்தினால் 'டக்' என்று ஒரு சத்தம், அதோடு சரி. வேலைக்கு நேரமாகிவிட்டது, கிக்கரை மிதித்து மிதித்துக் கால் வலிக்கிறது. இங்கே பழைய வண்டி வைத்திருக்கும் எல்லோருக்கும் இந்தக் காலை தெரியும்.

என்னுடையது 350 சிசி ஒற்றை சிலிண்டர், கார்பரேட்டர் வண்டி. செல்ஃபும் உண்டு, கிக்கரும் உண்டு. ஒரே குளிர்காலத்தில் இரண்டு பேட்டரி மாற்றினேன். கடையில் "பேட்டரி போச்சுண்ணே, புதுசு போட்டுடலாம்" என்றார்கள், நானும் தலையாட்டினேன். ஒவ்வொரு தடவையும் சில வாரம் நன்றாக எடுக்கும், பிறகு பழைய கதைதான். கடைசியில் பார்த்தால், பேட்டரிப் பெட்டிக்குக் கீழே, நெகடிவ் ஒயர் இன்ஜினோடு சேரும் எர்த் போல்ட்டில் துரு ஏறியிருந்தது. அதைத் தேய்த்து மாட்ட இருபது நிமிடம்கூட ஆகவில்லை. பேட்டரிக்குக் கொடுத்த காசை நினைத்தால் இன்றும் மனசு ஆறவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்: பேட்டரி வாங்கும் முன் அளந்து பாருங்கள்.

முதலில் பொருட்கள். மல்டிமீட்டர் ஒன்று, எலக்ட்ரிக் கடையில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் சாதாரண மீட்டரே போதும். பத்தாம் நம்பர், பன்னிரண்டாம் நம்பர் ஸ்பானர், உப்புத்தாள், பழைய டூத் பிரஷ், கொஞ்சம் வேசலின். பட்டனை அழுத்த வீட்டில் ஒருவரைக் கூப்பிட்டுக்கொள்ளுங்கள். மீட்டரை டிசி வோல்ட்டில், 20 என்ற இடத்தில் வையுங்கள்.

படி 1: தூங்கி எழுந்த பேட்டரியை அளப்பது

வண்டி இரவு முழுக்க நின்ற பிறகு, சாவி போடாமல், பேட்டரியின் இரண்டு முனையிலும் மீட்டரை வையுங்கள். 12.6 அல்லது அதற்கு மேல் காட்டினால் முழு சார்ஜ். 12.4 என்றால் முக்கால்வாசி, 12.2 என்றால் பாதி. 12-க்குக் கீழே போயிருந்தால் மேற்கொண்டு எதையும் சோதிக்க வேண்டாம், முதலில் சார்ஜ் போடுங்கள். பேட்டரிமேல் எழுதியிருக்கும் ஆம்பியர்-மணியில் (Ah, அதன் கொள்ளளவு) பத்தில் ஒரு பங்குதான் சார்ஜ் வேகம். 14 ஆம்பியர்-மணி பேட்டரிக்கு 1.4 ஆம்பியர். காற்றோட்டமான இடத்தில் வைத்துப் போடுங்கள். அப்போது வெளியாகும் ஹைட்ரஜன் தீப்பிடிக்கும், பக்கத்தில் பீடி சிகரெட் கூடாது. தண்ணீர் ஊற்றும் ரகமாக இருந்தால் இரண்டு கோட்டுக்கும் நடுவில் டிஸ்டில்டு வாட்டர் மட்டும் ஊற்றுங்கள். மழைத்தண்ணீர் சுத்தமானது என்று சிலர் பிடித்து ஊற்றுகிறார்கள், அது வேண்டாம்.

படி 2: செல்ஃப் சுற்றும்போது அளப்பது

மீட்டர் அதே இடத்தில் இருக்கட்டும். நியூட்ரல் போட்டு, கிளட்ச் பிடித்து, ஹெட்லைட்டை அணைத்துவிட்டு பட்டனை அழுத்தச் சொல்லுங்கள். (2017 ஏப்ரலிலிருந்து வந்த வண்டிகளில் ஹெட்லைட் அணைக்கும் சுவிட்ச் கிடையாது. பழைய வண்டியில் அது இருப்பது நமக்கு ஒரு வசதி.) முழு சார்ஜில் இருக்கும் நல்ல பேட்டரி, செல்ஃப் சுற்றும்போது 10 வோல்ட்டை ஒட்டி நிற்க வேண்டும். 9.6-க்குக் கீழே சரிந்தால் பேட்டரி தளர்ந்துவிட்டது, அல்லது மோட்டாரே அளவுக்கு மீறி இழுக்கிறது.

பேட்டரியில் 11 வோல்ட்டுக்கு மேல் நிற்கிறது, ஆனால் செல்ஃப் சோம்பலாகச் சுற்றுகிறது அல்லது சுற்றவே இல்லை என்றால்? என் வண்டியில் நடந்தது இதுதான். மின்சாரம் பேட்டரியில் இருக்கிறது, மோட்டாருக்குப் போய்ச் சேரவில்லை.

படி 3: வழியில் தொலையும் வோல்ட்

இந்தப் படியை அவசரப்படாமல் செய்யுங்கள். ஒற்றை சிலிண்டரின் கம்ப்ரஷனை, அதாவது பிஸ்டன் காற்றை அழுத்தும் கட்டத்தை, தாண்டித் தள்ள செல்ஃப் மோட்டார் 100 ஆம்பியர் இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வழியில் ஓர் இணைப்பில் துரு ஏறி, அங்கே ஓமில் நூறில் ஒரு பங்கு மின்தடை வந்துவிட்டது. 100 பெருக்கல் 0.01, ஒரு வோல்ட் அங்கேயே சூடாகித் தொலைந்துவிடும். அதே இணைப்பு வழியாக 60 வாட் ஹெட்லைட் எரிந்தால் 5 ஆம்பியர்தான் போகும், 0.05 வோல்ட்தான் குறையும். விளக்கு பளிச்சென்று எரியும். "லைட், ஹாரன் எல்லாம் நல்லாத்தான் இருக்கு, ஒயரிங்ல ஒண்ணும் இல்ல" என்று நாம் ஏமாறுவது இதனால்தான். புது பேட்டரி போட்டதும் சில வாரம் செல்ஃப் எடுத்ததற்கும் காரணம் இதுவே. அதன் கூடுதல் தெம்பு அந்தத் தடையைத் தாண்டித் தள்ளியது.

மீட்டரில் ஓம் வைத்துப் பார்த்தால் இவ்வளவு சின்ன தடை தெரியாது. செல்ஃப் சுற்றும்போதுதான் பிடிக்க முடியும்.

எர்த் பக்கம் முதலில். மீட்டரின் சிவப்பு முனையை இன்ஜினில் பெயின்ட் இல்லாத உலோகத்தில் அழுத்துங்கள், கறுப்பு முனையைப் பேட்டரியின் நெகடிவ் கம்பத்தில் வையுங்கள். ஒயர் முனையில் அல்ல, ஈயக் கம்பத்திலேயே. பட்டனை அழுத்தச் சொல்லுங்கள். 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. எனக்கு 1.4 காட்டியது.

அடுத்து பாசிட்டிவ் பக்கம். சிவப்பு முனை பேட்டரி பாசிட்டிவ் கம்பத்தில், கறுப்பு முனை செல்ஃப் மோட்டாரின் போல்ட்டில். பட்டன் அழுத்தும் முன் மீட்டர் 12 வோல்ட் காட்டும், பயப்பட வேண்டாம். பட்டனை அழுத்தினால் மோட்டாருக்கு மின்சாரத்தை விடும் பெரிய சுவிட்சான ரிலே இன்னும் சேராமல் திறந்திருப்பதால் அப்படிக் காட்டுகிறது. அழுத்திய பிறகு வரும் எண்தான் கணக்கு. 0.5-க்குள் இருக்கலாம். அதிகமாக இருந்தால் ரிலேயின் இரண்டு பெரிய போல்ட்டுக்கும் நடுவில் தனியாக அளந்து பாருங்கள். அங்கே மட்டும் 0.3-ஐத் தாண்டினால் ரிலேயின் உள்ளே கான்டாக்ட் கருகியிருக்கிறது, மாற்ற வேண்டும். ஸ்க்ரூடிரைவரை ரிலேயின் குறுக்கே வைத்துப் பொறி பறக்கப் பார்க்கும் பழக்கம் உண்டு. புதிதாகக் கற்றுக்கொள்பவர்கள் அதைச் செய்யாதீர்கள்.

'டக்' சத்தமே வரவில்லை என்றால் விஷயம் வேறு. ஃப்யூஸ், கிளட்ச் சுவிட்ச், சைடு ஸ்டாண்டு சுவிட்ச், பட்டனின் உள்ளே பச்சை பூத்த கான்டாக்ட் என்று வரிசையாகப் பாருங்கள்.

படி 4: தேய்ப்பது

கழற்றும்போது நெகடிவ் முதலில், மாட்டும்போது நெகடிவ் கடைசியில். பாசிட்டிவைக் கழற்றும்போது ஸ்பானர் சேசிஸில் பட்டுவிட்டால் பெரிய பொறி வரும், நெகடிவ் கழன்றிருந்தால் வராது. டெர்மினலில் உப்புப் பூத்திருந்தால் ஆப்ப சோடா கரைத்த தண்ணீரில் பிரஷ் போட்டுத் தேய்த்துத் துடையுங்கள். பேட்டரியின் மூடி, துளைக்குள் அந்தத் தண்ணீர் இறங்கக் கூடாது. பிறகு எர்த் ஒயர் சேசிஸில் சேரும் இடம், இன்ஜினில் சேரும் இடம், ரிலேயின் இரண்டு போல்ட், மோட்டார் போல்ட். எல்லாவற்றையும் உப்புத்தாளில் உலோகம் மின்னும்வரை தேய்த்து, இறுக்கி, அதற்கு மேல் வேசலின் தடவுங்கள். ஒயரின் முனையை அழுத்திப் பார்த்து, உள்ளே பச்சையாகவோ பொடியாகவோ இருந்தால் ஒயரையே மாற்றிவிடுங்கள். 16 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர் போதும், இரண்டு முனையிலும் லக்கை (போல்ட்டில் மாட்டும் வளையத்தை) நன்றாக அழுத்திக் கடிக்க வைத்து வாங்குங்கள்.

திரும்ப அளந்தேன், 1.4 இருந்த இடத்தில் 0.15. அன்று சாயங்காலமே செல்ஃபின் சத்தம் மாறியது காதுக்குத் தெரிந்தது.

படி 5: சார்ஜ் ஏறுகிறதா

இன்ஜின் ஓடும்போது, ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் கொடுத்து பேட்டரியில் அளந்தால் 13.5-லிருந்து 14.5-க்குள் வர வேண்டும். 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் போய்விட்டது, பேட்டரியைக் கொதிக்க வைத்துவிடும். எண் சரியாக இருந்தும் பேட்டரி இறங்குகிறது என்றால், வண்டி எவ்வளவு தூரம் ஓடுகிறது என்று யோசியுங்கள். எஸ்டேட்டிலிருந்து பஜாருக்கு மூன்று கிலோமீட்டர் போய் வந்தால், செல்ஃப் தின்றது திரும்ப ஏறாது. வாரத்துக்கு ஒருமுறை மறையூர்வரை ஒரு நடை போய் வந்தால் பேட்டரிக்கு நல்லது.

படி 6: ஒற்றை சிலிண்டருக்கே உரிய வித்தை

நாலு ஸ்ட்ரோக் இன்ஜினில் கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் ஒரு கம்ப்ரஷன். இரவு இன்ஜின் நிற்கும்போது பிஸ்டன் பெரும்பாலும் அந்தக் கம்ப்ரஷனுக்கு முன்னால்தான் வந்து நிற்கும். காலையில் செல்ஃப் மோட்டார் எடுத்த எடுப்பிலேயே மலையேற வேண்டியிருக்கிறது. அந்த ஏற்றத்தை நாமே கடத்திவிடலாம். சாவி போடாமல் கிக்கரை மெதுவாக அழுத்துங்கள். ஓரிடத்தில் கெட்டியாக நிற்கும். அங்கேயே உடம்பின் பாரத்தைக் கொடுத்து நின்றால் காற்று கசிந்து மெல்ல இறங்கும், அந்தக் காற்றை வெளியே விடும் டிகம்ப்ரஷன் லீவர் இருந்தால் இன்னும் சுலபம். அது தாண்டியதும் கிக்கரை விட்டு, சாவி போட்டு, சோக் இழுத்து, பட்டனை அழுத்துங்கள். அடுத்த கம்ப்ரஷன் வர ஏறக்குறைய இரண்டு சுற்று இருக்கிறது, அதற்குள் ஃப்ளைவீல் வேகம் பிடித்துவிடும்.

ஐந்து விநாடிக்கு மேல் பட்டனை அழுத்தாதீர்கள், அரை நிமிடம் இடைவெளி விடுங்கள். செல்ஃப் மெதுவாக முனகிச் சுற்றினால் உடனே விட்டுவிட்டு கிக்கருக்குப் போங்கள். அந்த வேகத்தில் பிளக் சீக்கிரமே தீ வைத்துவிட்டால் இன்ஜின் பின்னோக்கி உதைக்கும். அந்த உதை நேராகப் போய் விழுவது, மோட்டாரின் சுழற்சியை ஒரு பக்கம் மட்டும் இன்ஜினுக்குக் கடத்தும் செல்ஃபின் ஒன்வே கிளட்சில். அது உடைந்தால் இன்ஜினின் பக்க மூடியைத் திறக்க வேண்டிவரும், பேட்டரி விலையெல்லாம் அதற்கு முன்னால் ஒன்றுமில்லை.

ஆயிலையும் பாருங்கள். கெட்டியான ஆயில்தான் இன்ஜினுக்கு நல்லது என்று கையேட்டில் சொன்னதைவிடக் கெட்டியாக ஊற்றினால் குளிரில் தேன் மாதிரி ஒட்டிக்கொள்ளும். ஆயில் டப்பாவில் டபிள்யூ (W) என்ற எழுத்துக்கு முன்னால் இருக்கும் எண் குறையக் குறைய, குளிரில் இளக்கமாக இருக்கும். கையேடு இரண்டு ரகத்தை அனுமதித்தால் குறைந்த எண்ணை எடுங்கள்.

இவ்வளவும் சரியாக இருந்து, அளவுகளும் சரியாக வந்து, மோட்டார் மட்டும் சுற்றவில்லை என்றால் உள்ளே கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கும். அதை மெக்கானிக்கிடம் கொடுங்கள். கொடுக்கும்போது நீங்கள் அளந்த எண்களை ஒரு தாளில் எழுதிக் கையில் கொடுத்துவிடுங்கள். நான் ஒவ்வொரு வருடமும் மழை ஓய்ந்ததும், டிசம்பர் முதல் வாரத்தில், மூன்றாம் படியைத் திரும்பச் செய்கிறேன். எர்த் பக்கம் 0.3-ஐத் தொட்டால் தேய்க்கிறேன், இல்லாவிட்டால் வேசலின் மட்டும்.