‘இலவச பிடிஎஃப்’ என்று தேடுவதை முதலில் விடுங்கள்

புத்தகத்தின் பெயரோடு ‘இலவச பிடிஎஃப்’ என்று சேர்த்துக் கூகுளில் போட்டால், நாலு இடத்தில் கிளிக் செய்யவைத்துக் கடைசியில் ஏதோ ஒரு ஆப்பை இறக்கச் சொல்லும் பக்கங்கள்தான் வரிசையாக வந்து நிற்கும். தேடுவதற்கு முன் ஒரு கேள்வி: இதை எழுதியவர் எப்போது இறந்தார்? கேட்க ஒரு மாதிரியாக இருக்கும்தான், ஆனால் எந்தத் தளத்துக்குப் போகவேண்டும் என்பதைப் பெரும்பாலும் அதுதான் தீர்மானிக்கிறது.

இந்தியச் சட்டப்படி எழுதியவர் இறந்த வருடத்துக்கு அடுத்த வருடத்திலிருந்து 60 ஆண்டுகளுக்குப் பதிப்புரிமை, இலங்கையில் 70. அது முடிந்துவிட்டால் யார் வேண்டுமானாலும் வெளியிடலாம். புதுமைப்பித்தன் 1948லும் கல்கி 1954லும் மறைந்தவர்கள், அதனால் அவர்கள் எழுத்தைத் தேடித் திருட்டு பிடிஎஃப் பக்கம் போகவேண்டிய அவசியமே இல்லை. இது போக, தமிழ்நாடு அரசு பரிவுத்தொகை கொடுத்து நாட்டுடைமை ஆக்கிய நூல்கள் இருக்கின்றன. ஆசிரியர் அண்மையில் மறைந்தவராக இருந்தாலும் அவற்றைத் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம். ஒரே ஒரு சிக்கல் உண்டு. சங்கப் பாட்டுக்கு யாரும் உரிமை கொண்டாட முடியாது, ஆனால் அதற்கு இன்றைக்கு ஒருவர் எழுதிய உரைக்கு உரிமை உண்டு, மொழிபெயர்ப்புக்கும் அப்படித்தான். மூலம் இலவசமாகக் கிடைத்து உரை கிடைக்காமல் போவது இதனால்தான்.

சரி, எங்கே போவது? பழைய இலக்கியம் என்றால் முதலில் மதுரைத் திட்டம். 1998 பொங்கலன்று தொடங்கி, தன்னார்வலர்கள் நூல்களைத் தட்டச்சு செய்து, மெய்ப்புப் பார்த்து ஏற்றியது. பார்ப்பதற்கு அழகான தளம் என்று சொல்லமாட்டேன். ஆனால் உள்ளே இருப்பது படம் இல்லை, எழுத்து. ஒரு சொல்லைத் தேடலாம், ஒரு பாட்டை மட்டும் நகலெடுக்கலாம், போனில் எழுத்தைப் பெரிதாக்கிப் படிக்கலாம். நூலின் முகப்பில் யார் தட்டச்சு செய்தார்கள், யார் மெய்ப்புப் பார்த்தார்கள் என்ற குறிப்பு இருக்கும், பல நூல்களில் எந்தப் பதிப்பிலிருந்து எடுத்தது என்றும் இருக்கும், அதைத் தாண்டிப் போய்விடாதீர்கள்.

நாட்டுடைமை நூல்களுக்கு விக்கிமூலம், விக்கிப்பீடியாவின் சகோதரத் தளம். தமிழ் இணையக் கல்விக்கழகம் கொடுத்த ஏராளமான நூல்கள் அங்கே இருக்கின்றன, ஒரு பக்கம் அச்சுப் புத்தகத்தின் படம், பக்கத்திலேயே அதன் எழுத்து. பக்கங்களுக்கு நிறம் கொடுத்திருப்பார்கள்: சிவப்பு என்றால் இன்னும் யாரும் சரிபார்க்கவில்லை, மஞ்சள் என்றால் ஒருவர் பார்த்தாயிற்று, பச்சை என்றால் இரண்டாவது ஆளும் பார்த்துவிட்டார். சிவப்புப் பக்கத்திலிருந்து கவிதையை அப்படியே எடுத்துப் பகிர்ந்தால் ‘ர’வும் ‘ா’வும் இடம் மாறி, ஒற்று காணாமல் போய், கவிஞர் எழுதாத ஒன்று ஊர் சுற்ற ஆரம்பித்துவிடும். அதனால் படத்தோடு ஒருமுறை ஒப்பிட்டுவிடுங்கள், தப்பு தெரிந்தால் அங்கேயே திருத்தவும் செய்யலாம். பழைய அச்சையும் பத்திரிகைகளையும் படமாகவே பார்க்கவேண்டும் என்றால் அதே கல்விக்கழகத்தின் மின்னூலகம் இருக்கிறது.

ஈழத்து எழுத்துக்கு ‘நூலகம்’ என்ற தளம் இருக்க வேறு இடம் தேடவேண்டாம். 2005இல் தொடங்கியது. கவிதைத் தொகுப்புகள், சிற்றிதழ்கள், நாளிதழ்கள், விழா மலர்கள் என்று கடைகளில் கண்ணிலேயே படாதவை எல்லாம் அங்கே ஸ்கேனாகக் கிடக்கின்றன. ஒரு கவிஞரைத் தேடிப் போய் அவர் எழுதிய இதழின் மற்றப் பக்கங்களில் மாட்டிக்கொண்டு பொழுது போய்விடும், அது வேறு விஷயம்.

இப்போது எழுதுபவர்கள் வேண்டுமென்றால் ஃப்ரீதமிழ்ஈபுக்ஸ் பாருங்கள், எழுதியவர்களே மற்றவர்கள் பகிர்ந்துகொள்ள அனுமதிக்கும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் விட்டவை அங்கே இபப்பாகவும் (திரையின் அளவுக்கு ஏற்ப வரிகள் மாறி அமையும் மின்னூல் வடிவம்) கைக்கருவிக்கான பிடிஎஃப்பாகவும் கிடைக்கும். தரம் ஏற்ற இறக்கமாகத்தான் இருக்கும், பொறுக்கித்தான் எடுக்கவேண்டும். நல்ல புதுக் கவிதைக்கு நான் இணைய இதழ்களின் பழைய இதழ்களைத்தான் சொல்வேன். திண்ணை, கீற்று, சொல்வனம் எல்லாமே இலவசம்தான்.

ஆங்கிலத்துக்கு வழி எளிது. பழைய நூல்களை இலவச மின்னூலாகத் தரும், 1971இல் தொடங்கிய குட்டன்பர்க் திட்டம், அதே மாதிரியான நூல்களை அழகாக அச்சுக்கோத்துத் தரும் ஸ்டாண்டர்ட் ஈபுக்ஸ், காதால் கேட்க லிப்ரிவாக்ஸ். கவிதைக்கு மட்டும் பொயட்ரி ஃபவுண்டேஷன் தளம், 1912 முதலான ‘பொயட்ரி’ இதழ்களை அங்கே புரட்டலாம். குட்டன்பர்க் அமெரிக்கச் சட்டத்தைப் பார்த்துத்தான் நூல்களை ஏற்றுகிறது, எனவே மறுபதிப்பு போடும் எண்ணம் இருந்தால் நீங்கள் இருக்கும் நாட்டுச் சட்டத்தைத் தனியாகப் பாருங்கள்.

இன்டர்நெட் ஆர்கைவைக் கடைசியில் சொல்வதற்குக் காரணம் உண்டு. அங்கே கிடைக்காதது குறைவு, ஆனால் யார் வேண்டுமானாலும் ஏற்றலாம் என்பதால் அங்கே இருக்கிறது என்பதாலேயே உரிமை முடிந்தது என்று ஆகிவிடாது. தமிழ் நூல்களின் தலைப்புகள் பல சமயம் ஆங்கில எழுத்தில், ஆளுக்கொரு விதமாக இருக்கும். குறுந்தொகையைத் தேடினால் ‘க’வுக்கு ஒருமுறை கே, ஒருமுறை ஜி, ‘த’வுக்கு ஒருமுறை டி, ஒருமுறை டிஎச் என்று மாற்றி மாற்றிப் போட்டுப் பாருங்கள். அப்புறம், தலைப்பில் தேடுவதோடு நிற்காமல் நூலின் உள்ளே தேடும் வசதியையும் தட்டிவிடுங்கள்.

கவிதையின் ஒரு வரி மட்டும் நினைவில் இருக்கிறதா? மேற்கோள் குறிக்குள் போட்டுத் தேடவேண்டியதுதான், ஆனால் பழம்பாட்டில் அங்கேதான் சறுக்கும். பழைய பதிப்புகள் சீர் பிரித்து அச்சிட்டவை, புதியவை சொல் பிரித்து அச்சிட்டவை. குறுந்தொகை 40ஆம் பாட்டை ‘செம்புலப் பெயல் நீர்’ என்று தேடினால் ஒரு கூட்டம் வரும், ‘செம்புலப் பெயனீர்’ என்று தேடினால் இன்னொரு கூட்டம். இரண்டையும் போட்டுப் பாருங்கள், அல்லது புணர்ச்சியில் மாறாத ஒற்றைச் சொல்லாகப் பொறுக்கிக்கொள்ளுங்கள். வரிக்குப் பின்னால் சைட் என்று ஆங்கிலத்தில் அடித்து முக்காற்புள்ளி வைத்துத் தள முகவரியையும் கொடுத்தால் வேறு குப்பை வராது. இன்று எல்லாரும் பயன்படுத்தும் ஒருங்குறிக்கு (யூனிகோட்) முந்தைய பக்கம் எதிலாவது நுழைந்து, திரை முழுக்கப் புரியாத குறிகளாகத் தெரிந்தால் பயப்படவேண்டாம், அது பழைய எழுத்துரு. எழுத்துரு மாற்றியில் ஒட்டினால் பெரும்பாலும் தமிழ் வந்துவிடும்.

பதிவிறக்கும்போது இபப் இருந்தால் இபப்பையே எடுங்கள். விக்கிமூலத்திலும் அந்த வசதி உண்டு. ஸ்கேன் பிடிஎஃப்பைப் போனில் இழுத்து இழுத்துப் படிப்பது கண்ணுக்குத் தண்டனை, அதைப் பெரிய திரைக்கு வைத்துக்கொள்ளுங்கள். கவிதைக்கு மட்டும் ஒரு விதிவிலக்கு: போனில் இபப்பைத் திறந்தால் நீண்ட அடிகள் மடிந்து, அடி எங்கே முடிகிறது என்றே தெரியாமல் போகலாம். போனைப் படுக்கவாட்டில் திருப்பிப் பாருங்கள், அப்படியும் சரியாகவில்லை என்றால் பிடிஎஃப்தான்.