பாஸ்ட் பர்ஃபெக்ட் வாக்கியத்தில் எந்தச் சொல் எங்கே நிற்கும்?

கடந்த காலத்தில் நடந்த இரண்டு செயல்களில் எது முந்தியது என்பதைக் காட்ட ஆங்கிலத்தில் பாஸ்ட் பர்ஃபெக்ட் பயன்படுகிறது. ‘ஹேட்’ (had) என்ற துணைவினையோடு வினையின் மூன்றாம் வடிவம் (‘ஈட்டன்’, ‘லெஃப்ட்’ போன்றது) சேர வேண்டும் என்பதைச் சிங்கப்பூரில் தொடக்கநிலை ஐந்து, ஆறு படிக்கும் நம் பிள்ளைகள் அறிந்தே வைத்திருக்கிறார்கள். அவர்கள் தடுமாறுவது பெரும்பாலும், பெயருக்குப் பதிலாக வரும் ‘ஹி’, ‘இட்’ போன்ற ப்ரோநவுனிலும், வினையை விளக்கும் ‘ஆல்ரெடி’ போன்ற அட்வெர்பிலும்தான்.

தமிழில் ‘கிளம்பியிருந்தாள்’ என்றாலே கிளம்பியது ஒரு பெண் என்பதை விகுதி சொல்லிவிடுவதால், ‘அவள்’ என்ற சொல்லை நாம் பல நேரம் விட்டுவிடுகிறோம். ஆங்கில ‘ஹேட்’ அப்படியன்று. ஐ, ஹி, ஷி, இட், தே என எதனோடு வந்தாலும் அது மாறாது, யாரையும் சுட்டாது. ஆகவே, தமிழில் யோசித்து ‘வென் வி ரீச்ட் பூன் லே, ஹேட் லெஃப்ட்’ என்று எழுதினால் போனது எது என்பதே தெரியாது. ‘தி பஸ் ஹேட் லெஃப்ட்’ என்றோ, பேருந்து முன்பே பேசப்பட்டிருந்தால் ‘இட் ஹேட் லெஃப்ட்’ என்றோதான் எழுத வேண்டும்.

ப்ரோநவுனைப் போட்டுவிட்டாலும் சிக்கல் தீர்ந்ததாகச் சொல்ல முடியாது. ‘வென் ரவி மெட் குமார் அட் தேக்கா, ஹி ஹேட் ஆல்ரெடி ஈட்டன்’ என்ற வாக்கியத்தில் சாப்பிட்டது ரவியா, குமாரா? இத்தகைய இடத்தில் பெயரையே மீண்டும் எழுதுவது நல்லது. அழகு சற்றுக் குறைந்தாலும் பொருள் தப்பாது. இன்னொன்றையும் கவனிக்கலாம்: ‘ஸ்விட்ச் ஆஃப்’ போன்ற இரட்டைச் சொல் வினைகளில் ப்ரோநவுன் நடுவில் வரும். ‘ஷி ஹேட் ஸ்விட்ச்ட் இட் ஆஃப்’ என்பதே சரி, ‘ஸ்விட்ச்ட் ஆஃப் இட்’ என்பது தவறு.

அட்வெர்புக்கு வந்தால், சிங்கப்பூரில் முதலில் பேச வேண்டியது ‘ஆல்ரெடி’. ‘ஐ ஈட் ஆல்ரெடி’ என்று உணவங்காடியில் சொன்னால் எல்லாருக்கும் புரியும். அந்தப் பேச்சுவழக்கில் செயல் முடிந்ததைக் காட்டும் வேலை முழுவதையும் அந்தச் சொல்லே ஏற்றுக்கொள்கிறது. அதில் குறைகாண எனக்கு விருப்பமில்லை. ஆனால், தேர்வுத்தாளில் அந்த வேலை ‘ஹேட் ஈட்டன்’ என்ற வினைக்கு உரியது. ‘ஆல்ரெடி’ அதற்குத் துணைநிற்கும் சொல் மட்டுமே. அதன் இயல்பான இடம் ‘ஹேட்’டுக்கும் மூன்றாம் வடிவத்துக்கும் நடுவில்: ‘ஐ ஹேட் ஆல்ரெடி ஈட்டன்’. கடைசியில் வைத்தாலும் பிழையில்லை, ‘ஹேட்’ மட்டும் விடுபடக் கூடாது. ஜஸ்ட், நெவர், ஆல்வேஸ் ஆகியவையும் அந்த நடு இடத்தில்தான் நிற்கும். துணைவினை இரண்டாக இருந்தால் முதலாவதை அடுத்து வரும்: ‘தி லிஃப்ட் ஹேட் ஆல்ரெடி பீன் ரிப்பேர்ட்’. கேள்வியில் ‘ஹேட்’ முன்னே போய்விடுவதால், ‘ஹேட் ஷி எவர் சீன் இட்?’ என்று ப்ரோநவுனுக்குப் பின் அட்வெர்ப் வரும்.

‘யெட்’ பெரும்பாலும் எதிர்மறை வாக்கியத்தின் இறுதியில் அமரும். ‘ஸ்டில்’ அதற்கு மாறாக ‘ஹேட்ன்ட்’டுக்கு முன்பே வரும்: ‘ஹி ஸ்டில் ஹேட்ன்ட் கால்ட்’. செயல் நடந்த விதத்தைச் சொல்லும் அட்வெர்ப், வினையையும் அதன் செயப்படுபொருளையும் பிரிக்கக் கூடாது. ‘ஷி ஹேட் ரெட் தி லெட்டர் கேர்ஃபுலி’ எனலாம், ‘ரெட் கேர்ஃபுலி தி லெட்டர்’ எனல் ஆகாது. ‘அகோ’ என்பது பேசும் இந்த நேரத்திலிருந்து பின்னோக்கி எண்ணுவதால், கதையில் நடந்த ஒரு நாளிலிருந்து எண்ணும்போது ‘டூ டேஸ் அர்லியர்’ என்பதுபோல் எழுத வேண்டும்.

கட்டுரையில் சற்று மிடுக்காக எழுத விரும்பும் உயர்நிலை மாணவர்கள் ‘ஹார்ட்லி’, ‘நோ சூனர்’ ஆகியவற்றை வாக்கியத்தின் தொடக்கத்தில் வைக்கலாம். அப்போது, கேள்வியாக இல்லாவிட்டாலும் ‘ஹேட்’ ப்ரோநவுனுக்கு முன்னால் வந்துவிடும்: ‘ஹார்ட்லி ஹேட் வி சாட் டவுன் வென் தி பெல் ராங்’. இதில் ‘வென்’ வருகிறது. ‘நோ சூனர்’ என்று தொடங்கினால் அதே இடத்தில் ‘தேன்’ (than) வர வேண்டும்.