சவரக்கத்திக்கு இயற்கைத் தீட்டுக்கல்: பலரும் சறுக்கும் இடங்கள்

பெல்ஜியத்திலிருந்து கோட்டிக்யூல் என்ற இயற்கைத் தீட்டுக்கல்லை வரவழைத்து, ஜெர்மனியின் சோலிங்கன் ஊரில் செய்த பழைய சவரக்கத்தியை அதில் மணிக்கணக்கில் தேய்த்துவிட்டு, "முகத்தில் வைத்தால் பிடுங்குகிறது, கல் சரியில்லை" என்று புலம்புகிறவர்கள் நிறையப் பேர். பெரும்பாலும் குற்றம் கல்லின் மேல் இருக்காது. கத்தி அந்தக் கல்லுக்கு வருவதற்கு முன்பே காரியம் கெட்டிருக்கும்.

மடக்குச் சவரக்கத்தியைத் தீட்டும்போது முதுகும் வாயும் (வெட்டும் ஓரம்) ஒருசேரக் கல்லில் படிந்திருக்க வேண்டும். கோணத்தை நாம் கையால் பிடிப்பதில்லை. முதுகின் தடிமனும் அலகின் அகலமுமே அதைத் தீர்மானித்துவிடுகின்றன. இரண்டு பக்கமும் சேர்த்து ஏறக்குறைய 16 முதல் 18 பாகை வரும். வாயை ஒட்டி இரு பக்கமும் கல் தேய்த்து உண்டாக்கும் சரிவுகள் அடியிலிருந்து நுனிவரை ஒரே கோட்டில் சந்தித்தால்தான் கூர் என்ற பேச்சே எழும். சந்திக்காத இடம் ஒரு நூலளவு இருந்தாலும், அதற்கு மேல் எவ்வளவு உயர்ந்த கல்லில் தேய்த்தாலும் சரிவுதான் பளபளக்கும், வாய் மழுங்கலாகவே இருக்கும்.

ஜெர்மனியின் எஷர், ஜப்பானின் நகயாமா, அமெரிக்காவின் கறுப்பு அர்கன்சா எல்லாம் மெருகேற்றும் இயற்கைக் கற்கள். அவை அரித்தெடுக்கும் இரும்பு மிகச் சொற்பம். சரிவு அமைக்கும் வேலையை அவற்றிடம் கொடுப்பதுதான் எல்லாத் தவறுகளுக்கும் தாய். அந்த வேலைக்கு 1000 எண் (துகளின் நைஸைக் குறிக்கும் கிரிட் எண்) செயற்கைக் கல் போதும், அதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை. சரிவு முடிந்ததா என்று பார்க்க, சரிவின் மேல் மார்க்கர் மையைப் பூசி, அழுத்தாமல் ஓரிரு முறை கல்லில் ஓட்டிப் பாருங்கள். வாயின் ஓரத்தில் மை மிச்சமிருந்தால் அந்த இடம் இன்னும் கல்லைத் தொடவில்லை. அடுத்து, வாய் உங்களைப் பார்க்கும்படி கத்தியை விளக்கொளியில் பிடியுங்கள். வாயில் எங்காவது வெள்ளைப் புள்ளியாக மின்னினால் அங்கே சரிவுகள் சேரவில்லை. சேர்ந்த வாய் கண்ணுக்கே தெரியாது.

அழுத்தம் அடுத்த வில்லன். இரு பக்கமும் உட்குழிவாக அரைத்த அலகு மிக மெல்லியது. அழுத்தினால் வளைந்துகொடுக்கும், கல் வாயை விட்டு வேறிடத்தைத் தின்னும், போதாததற்கு ஓரத்தில் பிசிறும் கிளம்பும். மெருகுக் கல்லுக்கு வந்துவிட்டால் கத்தியின் எடையே போதும்.

எண்ணைத் தேடாதீர்கள்

"இந்தக் கல் எத்தனை கிரிட்?" என்று கேட்காத புதியவர் இல்லை. செயற்கைக் கல்லில் துகளைச் சலித்து அளந்து போடுகிறார்கள், அதனால் எண் உண்டு. மலையில் விளைந்ததற்கு யார் சலித்தார்கள்? "சீனத்து 12000" என்று விற்கப்படும் கல்லின் எண்ணும் விற்பவர் ஒட்டியதுதான். இயற்கைக் கல்லில் துகளின் அளவோடு அதன் வடிவம், அது எவ்வளவு இறுக்கமாகப் பிணைந்திருக்கிறது, மேற்பரப்பு எப்படி இருக்கிறது எல்லாமே கணக்கு. கோட்டிக்யூலில் இரும்பைத் தேய்ப்பது கார்னெட் என்ற கடினமான கனிமத்தின் மணிகள். அவை 5 முதல் 20 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வரை இருக்கும். எண்ணை மட்டும் நம்பினால் அது முரட்டுக் கல் என்றுதான் முடிவு கட்டுவோம். ஆனால் அந்த மணிகள் பன்முகம் கொண்ட உருண்டைகள். ஆழமாகக் கீறாமல் உருண்டு சுரண்டுகின்றன. அந்தக் கல்லில் முடிந்த வாய் முகத்துக்கு இதமாக இருப்பதாகப் பலர் சொல்வதற்கு இதுவே காரணம் என்பார்கள்.

கல் குழம்பு: வரமும் சாபமும்

கோட்டிக்யூலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதிகம் பேர் விழும் குழி இதுதான். ஆர்டென் மலைப்பகுதியில் வீல்சால்ம், லியர்நே சுற்றுவட்டாரத்தில் நீலக் கல்லின் நடுவே மெல்லிய மஞ்சள் அடுக்காக இது ஓடுகிறது. கல்லின் பருமனில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக் கார்னெட் இருக்கும். சின்னத் துண்டுக் கல்லால் அதன் முகத்தைத் தண்ணீர் விட்டுத் தேய்த்தால் பால் போல ஒரு குழம்பு வரும். விடுபட்ட மணிகள் அதில் மிதப்பதால் கல் வேகமாக வெட்டும். சுத்தத் தண்ணீரில் அதே கல் ஆமை வேகம்தான்.

இந்த வேகத்துக்கு ஒரு விலை உண்டு. வாய் முன்னோக்கிப் போகும்போது குழம்பில் மிதக்கும் மணிகள் மீது நேருக்கு நேர் மோதுகிறது. அதனால் குழம்பு இருக்கும்வரை கூர் ஒரு எல்லைக்கு மேல் ஏறாது. எத்தனை நூறு முறை ஓட்டினாலும் அதே இடத்தில் நிற்கும். குழம்பிலேயே முடித்துவிட்டு "இந்தக் கல்லில் கூர் வரவில்லை" என்பது இந்த எல்லையைத் தெரியாமல் சொல்வது.

செய்ய வேண்டியது நீர்க்கச் செய்வது. குழம்பில் ஆரம்பித்து, கொஞ்சம் ஓட்டிய பிறகு விரல் நுனியால் ஒரு சொட்டுத் தண்ணீர். மறுபடி ஓட்டு, மறுபடி ஒரு சொட்டு. பால் நிறம் மெல்ல மோராகி, கழனித் தண்ணீராகி, கடைசியில் தெளிய வேண்டும். அலகின் முன்னால் நடப்பதில் கண்ணையும் காதையும் வையுங்கள். ஆரம்பத்தில் குழம்பு வாயின் அடியில் நழுவிப் போகும். கூர் ஏற ஏற, வாய் தண்ணீரை வழித்தெடுத்துத் தனக்கு முன்னால் ஒரு மெல்லிய அலையாகத் தள்ளும், சில சமயம் அது சரிவின் மேலேயே ஏறி நிற்கும். கரகரவென்ற சத்தமும் அடங்கிவிடும். அவசரப்பட்டு ஒரே கழுவில் குழம்பை நீக்கினால், முந்தைய கட்டத்தின் கீறல்களைப் போக்குகிற வேலை முழுவதும் மெதுவான தண்ணீர்க் கட்டத்தின் தலையில் விழும். அங்கேதான் பொறுமை போகும், கை அழுத்தத் தொடங்கும்.

ஜப்பானியக் கற்களில் இதே வேலைக்கு நகுரா என்ற துண்டுக் கற்கள் உண்டு. மிகாவா பகுதியிலிருந்து வந்தவற்றை போத்தான், தென்ஜோ, மெஜிரோ, கோமா என்று முரட்டிலிருந்து நைஸ் வரை வரிசைப்படுத்துவார்கள். முரட்டு நகுராவை ஓட்டிவிட்டுக் கல்லைச் சரியாகக் கழுவாமல் அடுத்ததைத் தேய்ப்பது பலர் செய்யும் தப்பு. மிச்சமிருக்கும் ஒரு முரட்டுத் துகள் போதும், மெருகு முழுவதும் வீண். வைரத் தகட்டால் குழம்பு எடுக்கிறவர்களும் உண்டு. தகடு புதுசாக இருந்தால் உதிரும் வைரத்துகள் கல்லில் தங்கிவிடும். முதலில் அதை வேறு உதவாத கல்லில் தேய்த்துப் பழக்குங்கள். அப்புறம், சமையல் கத்திக்கென்று விற்கும் மென்மையான கல்லைச் சவரக்கத்திக்கு வாங்காதீர்கள். நமக்கு வேண்டியது கெட்டியான கல். மென்மையானது தானாகவே குழம்பு விட்டுக்கொண்டே இருக்கும்.

அர்கன்சா கல்லின் குணம் தலைகீழ். வாஷிட்டா மலைகளில் கிடைக்கும் நோவாகுலைட் என்ற பாறை அது, கிட்டத்தட்ட முழுக்கச் சிலிக்கா. அது குழம்பு விடாது. அதன் வேகமும் நைஸும் அதன் மேற்பரப்பை நீங்கள் எந்த நிலையில் விட்டீர்கள் என்பதைப் பொறுத்தவை. "சாஃப்ட்", "ஹார்டு" என்று தரம் பிரிப்பதும் அடர்த்தியை வைத்துத்தான். சாஃப்ட் என்றாலும் கெட்டிக் கல்லே. கறுப்பும் ஒளி ஊடுருவும் ரகமும் சவரக்கத்திக்கு உரியவை. வாங்கிய நாளில் ரம்பம் போட்ட கீறல் அப்படியே இருக்கும், அதிலேயே கத்தியை ஓட்டுகிறார்கள். கண்ணாடிப் பலகையில் சிலிக்கான் கார்பைடுத் தூளைத் தண்ணீர் விட்டுக் குழைத்துச் சமப்படுத்தி, படிப்படியாக நைஸ் தூளுக்குப் போய், அதன் பிறகு ஏதாவது பழைய உளியை நிறைய ஓட்டி முகத்தை வழவழப்பாக்கிவிட வேண்டும். வைரத் தகட்டால் செய்யப் போனால் தகடுதான் முதலில் தேயும்.

எந்தக் கல்லானாலும் சமப்படுத்தும்போது உலர வைத்துத் தேய்க்காதீர்கள். அந்தத் தூசியில் சிலிக்கா இருக்கிறது. நுரையீரலில் தங்கினால் போகாது. தண்ணீர் விட்டே செய்யுங்கள், குழம்பு காய்வதற்கு முன் துடைத்துவிடுங்கள். கல்லின் விளிம்புகளையும் கொஞ்சம் மழுக்கிவிடுங்கள். கூரான விளிம்பில் கத்தியின் அடிப்பகுதி தட்டினால் பல் விழும்.

வாங்கும்போதும் பொறுக்கும்போதும்

பழைய கற்களின் சந்தையில் பெயர்தான் காசு. ஜெர்மனியின் துரிங்கியாவில் சோன்னபெர்க், ஸ்டைனாக் பக்கம் வெட்டிய கற்களை எஷர் நிறுவனம் சீட்டு ஒட்டி விற்றது. அந்தச் சுரங்கங்கள் மூடிப் பல காலமாகிவிட்டதால், சீட்டோடு கிடைக்கும் கல்லுக்கு யானை விலை. விளைவு, சீட்டை அச்சடித்து ஒட்டுகிற ஆட்களும் வந்துவிட்டார்கள். சீட்டில்லாத துரிங்கியக் கல் தீட்டுவதில் எந்த விதத்திலும் குறைந்ததல்ல. ஜப்பானியக் கல்லின் முத்திரையும் இப்படித்தான், முத்திரைக் கட்டை யார் கையில் இருந்தாலும் குத்தலாம். காக இறகுப் புள்ளி, பேரிக்காய்த் தோல், முட்டை மஞ்சள் என்று கோலத்துக்குத் தனி விலை வைப்பார்கள். வாய்க்கு அந்த அழகு தெரியாது. கோட்டிக்யூலில் லா வெய்னெட், லா க்ரீஸ் என்று அடுக்கின் பெயரைச் சொல்லி விலை ஏற்றுவதும் உண்டு. சுரங்கத்திலிருந்து நேராக வராத கல்லுக்கு அடுக்கின் பெயர் பெரும்பாலும் கண்பார்வை யூகம். என் பார்வையில், கத்தி தீட்ட வாங்குகிறவர் இவற்றில் எதற்கும் கூடுதலாகக் கொடுக்க வேண்டியதில்லை. விரிசலையும் முகத்தில் ஓடும் கடினமான கோடுகளையும் காட்டும்படி ஈரமான கல்லின் படத்தைக் கேளுங்கள். தர மறுத்தால் நகர்ந்துவிடுங்கள்.

தாத்தா காலத்துச் சவர அடைப்பத்திலிருந்து கையளவு செவ்வகக் கல் கிடைத்தால் அது இயற்கைக் கல் என்று துள்ளிவிடவும் வேண்டாம். நாவிதர்களுக்கென்றே செய்த செயற்கைக் கற்கள் உலகமெங்கும் போயின. ஸ்லோவேனியாவின் மாரிபோர் நகரத்து ஸ்வாட்டியும் அமெரிக்காவின் கார்போரண்டமும் அப்படிப்பட்டவை. நல்ல கற்கள்தான், ஆனால் வேகமாக வெட்டுபவை. சில ஓட்டங்களே போதும். இயற்கைக் கல் என்று நினைத்து நூறு முறை ஓட்டினால் வாய் நொறுங்கும்.

ஆற்றங்கரையில் கல் பொறுக்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நைஸாகத் தெரியும் ஸ்லேட் எல்லாம் தீட்டுக்கல் ஆகாது. உள்ளே ஒரு குவார்ட்ஸ் மணல் துகள் இருந்தாலே வாயில் பள்ளம் விழும். ஒரு முகத்தைத் தட்டையாக்கி, ஈரத்தில் பழைய உளி ஒன்றை ஓட்டிப் பூதக்கண்ணாடியில் கீறலைப் பாருங்கள். எல்லாம் மெல்லியதாக இருக்க, நடுவில் ஒரு தடித்த கோடு திரும்பத் திரும்ப வந்தால் அந்தக் கல்லை விட்டுவிடுங்கள். எங்கிருந்து எடுக்கிறோம் என்பதும் முக்கியம். வேல்ஸின் புகழ்பெற்ற இட்வால் கல்லின் பிறப்பிடமான கும் இட்வால் 1954 முதல் தேசிய இயற்கைக் காப்பகம். அர்கன்சாவின் ஹாட் ஸ்பிரிங்ஸ் தேசியப் பூங்காவிலும் கல்லைத் தொட்டு எடுத்துவரக் கூடாது.

நம்மூரில் இன்னொரு ஆபத்து. பழைய சவரக்கத்தியைச் சாணை பிடிப்பவரிடம் கொடுத்துவிடுகிறார்கள். அரிவாளுக்கும் அரிவாள்மணைக்கும் அந்தச் சக்கரம் பொருத்தம். சவரக்கத்தியின் காகித மென்மையான வாய் அதில் நொடியில் சூடேறும். ஓரத்தில் நீலம் தெரிந்தால் பதம் போய்விட்டது. அந்த நீலம் உள்ள பகுதி முழுவதையும் தேய்த்தெடுக்காமல் கூர் நிற்காது.

தீட்டி முடித்ததும் கட்டைவிரல் நகத்தில் வாயை இழுத்துப் பார்ப்பது பழைய பழக்கம். சரிவு அமைக்கும் கட்டத்தில் அது சரி, மெருகு முடிந்த வாயை நகம் கெடுத்துவிடும். காகிதம் வெட்டுவதும் சவரத்தைப் பற்றி ஒன்றும் சொல்லாது. தொங்கவிட்ட தலைமுடி ஒன்று வாயில் பட்டதும் அறுகிறதா என்று பார்க்கலாம். ஆனால் முடிக்கு முடி தடிமன் மாறும் என்பதால், எப்போதும் ஒரே ஆளின் தலைமுடியில் பாருங்கள். அதன் பிறகு தோல் வாரில் முதுகு முன்னே, வாய் பின்னே என்று இழுங்கள். வார் தொய்ந்தால் வாய் உருண்டுவிடும், இறுக்கிப் பிடியுங்கள்.

கல்லைப் பாதுகாப்பது சுலபம். ஊற வைக்காதீர்கள், வெயிலில் காய வைக்காதீர்கள், கோட்டிக்யூலிலும் துரிங்கியத்திலும் எண்ணெய் விடாதீர்கள். அடுக்கடுக்கான ஜப்பானியக் கல்லின் பக்கவாட்டிலும் அடியிலும் வார்னிஷோ அரக்குப் பூச்சோ கொடுத்துவிட்டால், தண்ணீர் உள்ளே இறங்கி அடுக்கு பிளக்காது.