டெவலப்பரைச் சேர்க்கும் முன்

ஆப்பையோ இணையதளத்தையோ உருவாக்கித் தர ஒரு டெவலப்பரைத் தேடும்போது பலரும் முதலில் கேட்பது "என்னென்ன புரோகிராமிங் மொழி தெரியும்?" என்றுதான். நான் அதைக் கடைசியில்தான் கேட்பேன். உங்களுக்கு என்ன வேண்டும் என்று ஒரே பக்கத்தில் எழுதிக் கொடுங்கள். படித்துவிட்டு அவர் கேள்வி கேட்கிறாரா என்று பாருங்கள். "ஆர்டரை ரத்து செய்தால் பணம் எப்படித் திரும்பும்?", "இதை இப்போதைக்கு கூகுள் ஷீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாமே?" என்று கேட்பவரை விட்டுவிடாதீர்கள். எல்லாவற்றுக்கும் தலையாட்டுபவரிடம் எனக்கு நம்பிக்கை வருவதில்லை.

அப்புறம், சில நாளில் முடியக்கூடிய சின்ன வேலை ஒன்றைக் கூலியோடு கொடுங்கள். இலவசமாகச் செய்யச் சொல்வது நியாயமில்லை. தாமதமானால் முன்கூட்டியே சொல்கிறாரா என்பதையும் கவனியுங்கள்.

கணக்குகள் விஷயத்தில் கறாராக இருங்கள். டொமைன் (இணைய முகவரி), சர்வர், கிட்ஹப் (எழுதிய புரோகிராமைச் சேமித்து வைக்கும் தளம்), ஆப் ஸ்டோர் எல்லாவற்றையும் உங்கள் மின்னஞ்சலில் தொடங்கி, அவருக்கு அனுமதி மட்டும் கொடுங்கள். அவர் எழுதும் புரோகிராம் கோடின் உரிமை யாருக்கு என்பதும் ஒப்பந்தத்தில் இருக்கட்டும். பல நாடுகளில், எழுத்தில் மாற்றித் தராவிட்டால் ஃப்ரீலான்சர் (ஊழியராக இல்லாமல் தனியாக வேலை செய்து தருபவர்) எழுதியது அவருக்கே சொந்தம். பணத்தை மொத்தமாகக் கொடுக்காமல், இயக்கிப் பார்க்கக்கூடிய ஒவ்வொரு பகுதியும் கைக்கு வர வரப் பிரித்துக் கொடுங்கள்.