இந்த எண் யாருடையது? இயற்பியல் கணக்குகளில் வழுக்கும் இடங்கள்

பத்தாம் வகுப்புக்கு இயற்பியல் சொல்லிக் கொடுப்பவர் காதில் தினமும் விழும் கேள்வி, "சார், இதுக்கு எந்த ஃபார்முலா சார்?" என்பதுதான். கேட்கிற பிள்ளைக்கு ஃபார்முலா எல்லாம் தலைகீழ்ப் பாடம். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிக்கும். ஆனாலும் விடை தப்பாக வருகிறது. விடைத்தாளைப் புரட்டினால் ஃபார்முலா சரியாகவே எழுதப்பட்டிருக்கும். அதற்குள் போட்ட எண்தான் வேறு எதற்கோ சொந்தமானது. ஒரு பொருளின் விசையை இன்னொரு பொருளின் கணக்கில் சேர்த்திருப்பார்கள். ஒரு மின்தடையின் ஓமோடு முழுச் சுற்றின் வோல்ட்டைக் கோத்திருப்பார்கள். அதனால் நான் ஃபார்முலாவைக் கேட்பதில்லை. ஒவ்வொரு எண்ணையும் தொட்டு, "இது யாருடையது?" என்று கேட்பேன்.

எளிய கணக்கு ஒன்று. தரையில் இருக்கும் 5 கிலோகிராம் பெட்டியை 20 நியூட்டன் விசையோடு இழுக்கிறோம். உராய்வு விசை 8 நியூட்டன். முடுக்கம் என்ன? 20-ஐ 5-ஆல் வகுத்து 4 மீ/வி² என்று எழுதிவிட்டுப் போகிறவர்கள் ஏராளம். விசை = நிறை × முடுக்கம் என்பதில் இருக்கும் விசை, கேள்வியில் முதலில் கண்ணில் படும் விசை அல்ல. அந்தப் பெட்டியின் மேல் படும் எல்லா விசைகளையும் திசையோடு கூட்டிய மிச்சம்தான் அது. 20-இலிருந்து 8 போக 12, முடுக்கம் 2.4 மீ/வி².

இதற்கு அடுத்த குழப்பம்தான் பெரியது. மாடு வண்டியை இழுக்கிறது. நியூட்டனின் மூன்றாம் விதிப்படி வண்டியும் அதே அளவு விசையோடு மாட்டைப் பின்னால் இழுக்கிறது. இரண்டும் சமம், எதிரெதிர். கழித்தால் சுழி. அப்புறம் வண்டி எப்படி நகர்கிறது? நல்ல மாணவர்களே இங்கே திகைத்து நிற்பார்கள். கழித்ததுதான் தப்பு. ஒரு விசை வண்டியின் மேல் படுகிறது, மற்றது மாட்டின் மேல் படுகிறது. என் வரவையும் பக்கத்து வீட்டுக்காரர் செலவையும் ஒரே நோட்டில் எழுதிக் கழிக்க முடியுமா? வண்டியின் கணக்கில் இருப்பது மாட்டின் இழுவையும், அதை எதிர்க்கும் உராய்வும் மட்டுமே. இழுவை அதிகமென்றால் வண்டி முடுக்கம் பெறும். மாட்டின் கணக்கு தனி: அது காலால் தரையைப் பின்னுக்குத் தள்ள, தரை அதை முன்னுக்குத் தள்ளுகிறது.

மேசை மேல் இருக்கும் புத்தகத்திலும் இதே வலை விரித்திருக்கிறது. புத்தகத்தின் எடை கீழ்நோக்கி, மேசை தாங்கும் விசை மேல்நோக்கி. சமமாக இருப்பதால் இவை விசை, எதிர்விசை என்று பலர் எழுதுகிறார்கள். இரண்டும் புத்தகத்தின் மேலேயே படுகின்றன. ஆகவே இவை மூன்றாம் விதி சொல்லும் இணை அல்ல. பூமி புத்தகத்தை இழுப்பதற்கு இணை, புத்தகம் பூமியை இழுப்பது. சந்தேகம் வந்தால் பொருளை மட்டும் ஒரு கட்டமாக வரைந்து, அதன் மேல் படும் விசைகளை மட்டும் அம்புக்குறியாகப் போடுங்கள். அரை நிமிட வேலை. அதைச் சோம்பல்பட்டு விட்டுவிட்டு ஐந்து நிமிடம் தடுமாறுகிறோம்.

திசையை மறப்பதற்கு கிரிக்கெட்டைவிட நல்ல உதாரணம் இல்லை. 0.16 கிலோகிராம் பந்து வினாடிக்கு 20 மீட்டர் வேகத்தில் மட்டையை நோக்கி வந்து, 30 மீட்டர் வேகத்தில் வந்த வழியே திரும்புகிறது. உந்தம், அதாவது நிறை × திசைவேகம், எவ்வளவு மாறுகிறது? 30-இல் 20 போக 10, அதை 0.16-ஆல் பெருக்கினால் 1.6 என்று தப்பான விடை வரும். வருகிற திசையை எதிர்க்குறி என்று வைத்தால் மாற்றம் 30 − (−20), அதாவது 50. உந்த மாற்றம் 8 கிலோகிராம் மீ/வி. மட்டை முதலில் பந்தை நிறுத்த வேண்டும், பிறகு திருப்பி அனுப்ப வேண்டும். இரண்டு வேலைக்கும் சேர்த்துத்தானே கை வலிக்கிறது!

மேலே எறிந்த பந்து உச்சியில் ஒரு கணம் நிற்கும்போது முடுக்கம் சுழி என்று எழுதுவதும் அடிக்கடி நடக்கிறது. திசைவேகம்தான் சுழி. முடுக்கமும் சுழியானால் பந்து அங்கேயே தொங்க வேண்டியதுதான். லிஃப்ட் கணக்குகளில் "மேலே போகிறது" என்ற சொல்லைப் பார்த்ததும் கூட்டிவிடுகிறார்கள். லிஃப்ட் எந்தப் பக்கம் போகிறது என்பது முக்கியமல்ல, முடுக்கம் எந்தப் பக்கம் என்பதே முக்கியம். சீரான வேகத்தில் மேலே போனால் 50 கிலோகிராம் ஆளின் தோற்ற எடை (லிஃப்டின் தரை அவரைத் தாங்கும் விசை) 490 நியூட்டன்தான். மேல்நோக்கி 1.2 மீ/வி² முடுக்கம் இருந்தால் 550. கீழே இறங்கும் லிஃப்ட் நிற்கப் போகும் தருணத்திலும் முடுக்கம் மேல்நோக்கியே இருக்கும், அப்போதும் தோற்ற எடை கூடும்.

அலகு மாற்றத்தை நீட்டி முழக்க வேண்டியதில்லை. மணிக்கு 72 கி.மீ. என்பது வினாடிக்கு 20 மீட்டர். 5/18-ஆல் பெருக்குவதற்குப் பதில் 18/5-ஆல் பெருக்கினால் 259.2 வரும். அது விமானம் பறக்கும் வேகம். டவுன் பஸ் அவ்வளவு வேகத்தில் போகுமா என்று ஒரு நொடி யோசித்தால் போதும்.

மின்சுற்றுக்கு வருவோம். பக்க இணைப்பில் 6 ஓமும் 3 ஓமும் இருந்தால் 1/6 + 1/3 = 1/2. இங்கேயே நிறுத்தி 0.5 ஓம் என்று எழுதுகிறார்கள். தலைகீழாக்கினால் 2 ஓம். "பக்க இணைப்பின் மொத்தத் தடை, இருப்பதில் சிறியதைவிடக் குறைவாக இருக்க வேண்டும்" என்ற சோதனையை எல்லா ஆசிரியர்களும் சொல்லித் தருகிறோம். கவனியுங்கள், இந்தச் சோதனையில் 0.5-உம் தேறிவிடும்! இரண்டே மின்தடைகள் என்றால் இன்னும் கூர்மையான சோதனை உண்டு: விடை சிறிய தடையின் பாதிக்குக் குறையாது. இங்கே 1.5-க்கும் 3-க்கும் நடுவில்தான் இருக்க முடியும். 0.5 மாட்டிக்கொள்ளும்.

இப்போது அதே ஜோடியோடு 4 ஓம் ஒன்றைத் தொடராகச் சேர்த்து, 12 வோல்ட் மின்கலத்தோடு இணைப்போம். 6 ஓம் வழியாக எவ்வளவு மின்னோட்டம்? "12-ஐ 6-ஆல் வகுத்தால் 2 ஆம்பியர்." ஓமின் விதி சரி. ஆனால் அந்த 12 வோல்ட் யாருடையது? மின்கலத்தினுடையது. 6 ஓமுக்குக் கிடைப்பது அதில் ஒரு பங்குதான். மொத்தத் தடை 4 + 2 = 6 ஓம்; மொத்த மின்னோட்டம் 2 ஆம்பியர்; 4 ஓமின் குறுக்கே 8 வோல்ட் போய்விடுகிறது; ஜோடிக்கு மிஞ்சுவது 4 வோல்ட். ஆகவே 6 ஓம் வழியாக 0.67 ஆம்பியர், 3 ஓம் வழியாக 1.33 ஆம்பியர். முதலில் எழுதிய விடைப்படி மொத்த 2 ஆம்பியரும் 6 ஓம் வழியாகவே போய்விட்டால், பக்கத்தில் இருக்கும் 3 ஓம் சும்மாவா உட்கார்ந்திருக்கும்?

இதே கேள்வியை பல்புகளிடமும் கேட்கலாம். 220 வோல்ட்டுக்கான 40 வாட், 100 வாட் குண்டு பல்புகள் இரண்டைத் தொடராக இணைத்தால் எது பிரகாசமாக எரியும்? வகுப்பே சேர்ந்து 100 வாட் என்று கத்தும். அந்த 100 வாட் பல்புக்கு நிரந்தரச் சொத்து அல்ல. 220 வோல்ட் முழுசாகக் கிடைத்தால் மட்டுமே அந்த வாட். பல்பின் சொத்து என்று கொள்ள வேண்டியது அதன் மின்தடை: 40 வாட்டுக்கு 1210 ஓம், 100 வாட்டுக்கு 484 ஓம். தொடரிணைப்பில் மின்னோட்டம் இரண்டுக்கும் ஒன்றே. அதனால் தடை அதிகமுள்ள 40 வாட் பல்புதான் பளிச்சென்று இருக்கும். சூடேறும்போது இழையின் தடை மாறும் என்பதைப் பள்ளிக் கணக்கில் விட்டுவிடுகிறோம்; அதைச் சேர்த்தாலும் ஜெயிப்பது 40 வாட்தான். முதல் பல்பு மின்னோட்டத்தைச் "சாப்பிட்டுவிட்டு" மிச்சத்தை அடுத்ததற்கு அனுப்புகிறது என்ற எண்ணமும் இந்த இடத்தில்தான் தலைகாட்டும். மின்னோட்டம் குறைவதில்லை, பங்கு போவது மின்னழுத்தம்.

வெப்பக் கணக்கில் நிமிடத்தை வினாடியாக்க மறப்பதும், மின்கட்டணக் கணக்கில் வாட்டைக் கிலோவாட்டாக்க மறப்பதும் எல்லோருக்கும் தெரிந்தவை.

ஒளியில் எண்ணுக்குச் சொந்தக்காரர் மட்டுமல்ல, எங்கிருந்து அளந்தது, எந்தப் பக்கம் அளந்தது என்பதும் உண்டு. குவிலென்சின் குவியத் தொலைவு 10 செ.மீ., பொருள் 15 செ.மீ. தொலைவில். பொருள் இடப்பக்கம் இருப்பதால் அதன் தொலைவு −15. அந்தக் குறியை விட்டுவிட்டால் பிம்பத் தொலைவு 6 செ.மீ. என்று வரும். சரியாகப் போட்டால் 1/10 − 1/15 = 1/30, அதாவது 30 செ.மீ. கதிர்ப்படம் வரைந்தவர் அந்த 6-ஐப் பார்த்ததும் சந்தேகப்படுவார்: முடிவிலாத் தொலைவிலிருந்து வரும் கதிர்களையே 10 செ.மீ.யில்தான் குவிக்கும் லென்சு, பக்கத்தில் இருக்கும் பொருளின் கதிர்களை அதற்கும் முன்பே எப்படிக் குவிக்கும்?

இன்னொரு பழக்கமும் உண்டு. விடை மெய்பிம்பம்தான் (திரையில் விழவைக்கக்கூடிய பிம்பம்) என்று ஊகித்து, தெரியாத தொலைவுக்கும் முன்கூட்டியே ஒரு குறியைப் போட்டுவிடுவது. தெரிந்ததற்கு மட்டும் குறி போடுங்கள். தெரியாதது தன் குறியைத் தானே கொண்டுவரும். அப்புறம், ஆடிச் சமன்பாட்டில் 1/பிம்பத் தொலைவு, 1/பொருள் தொலைவு என்ற இரண்டு பின்னங்களைக் கூட்டுகிறோம், லென்சுச் சமன்பாட்டில் கழிக்கிறோம். உருப்பெருக்கத்தில் ஆடிக்குக் கழித்தல் குறி உண்டு, லென்சுக்கு இல்லை. இதற்குக் குறுக்கு வழி கிடையாது, மனதில் பதிய வைக்க வேண்டியதுதான்.

கண்ணாடிப் பரப்போடு கதிர் 30° கோணத்தில் படுகிறது என்று கேள்வி சொன்னால் படுகோணம் 30° அல்ல, 60°. கோணத்தைச் செங்குத்துக் கோட்டிலிருந்துதான் அளக்க வேண்டும். லென்சின் திறனுக்குக் குவியத் தொலைவை மீட்டரில் போட வேண்டும்: 50 செ.மீ. என்றால் 2 டயாப்டர். செ.மீ.யிலேயே வகுத்தால் 0.02 வரும். மூக்குக்கண்ணாடிச் சீட்டில் எண்கள் பொதுவாக 0.25 படியாகத்தான் ஏறி இறங்கும்; 0.02 என்று யாரும் எழுதித் தரமாட்டார்கள்.

கடைசியாக ஒன்று. லென்சின் மேல்பாதியைக் கறுப்புத் தாளால் மூடினால் பிம்பம் என்னவாகும்? பாதிப் பிம்பம்தான் தெரியும் என்று எழுதத் தோன்றும். வீட்டில் பூதக்கண்ணாடி இருந்தால், பகலில் ஜன்னலுக்கு எதிர்ச் சுவரில் ஜன்னலின் பிம்பத்தை விழவைத்து, பூதக்கண்ணாடியின் பாதியைக் கையால் மறைத்துப் பாருங்கள். சுவரில் ஜன்னல் முழுசாகவே இருக்கும், கொஞ்சம் மங்கலாக.